கவர் பிரிக்காத பந்துகள்

நீங்கள் பொய் சொன்னீர்கள், சார்.

பந்தல் போட்டு, மைக் பிடித்து, எங்கள் பெண்பிள்ளைகளை வெயிலில் வரிசையாக நிற்க வைத்துப் பொய் சொன்னீர்கள். "இந்த மெடிசின் பால் எல்லாம் இனிமேல் உங்கள் சொத்து" என்றீர்கள். நீங்கள் கொடுக்கவில்லை. காட்டினீர்கள். போட்டோ எடுத்தீர்கள். மைதானத்து அறையில் கண்ணாடி அலமாரிக்குள் வைத்துப் பூட்டினீர்கள். சாவியை எடுத்துக்கொண்டு காரில் ஏறிப் போய்விட்டீர்கள்.

யாரைத் திட்டுகிறாய் என்று இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்கள் கேட்பீர்கள். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனி. அதன் சமூக நலப் பிரிவு அதிகாரியைத்தான். பெயர் எழுதவில்லை. படித்தால் அவருக்குத் தெரியும். போதும்.

கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைக்காதீர்கள். கோபம் இருக்கிறது. ஆனால் அதற்கு அடியில் இருப்பது பயம். போன வாரத்திலிருந்து சாயங்காலம் ஆனால் எனக்குக் கை வேலை ஓடுவதில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

என் மகள் ஜெசிந்தா கபடி ஆடுகிறாள். பதினொன்றாவது படிக்கிறாள். ரைடர். எதிரணிக் கோட்டுக்குள் போய்த் தொட்டுவிட்டு வருகிற வேலை அவளுடையது. போகும்போது நன்றாகப் போவாள். தொட்டுவிட்டுத் திரும்புகிற அந்த முதல் அடிதான் அவளுக்குச் சுணக்கம். அதற்குள் பின்னாலிருந்து காலைப் பிடித்துவிடுவார்கள். மாவட்ட அணிக்குத் தேர்வு வருகிறது. அந்தக் கம்பெனி நடத்துகிற எங்கள் மைதானத்து டீமில் இருந்தால்தான் அதற்குப் போக முடியும். அந்த ஒரு அடியைச் சரிசெய்துவிட்டால் அவள் உள்ளே. இல்லையென்றால் வெளியே. வீட்டில் வேறு பேச்சே கிடையாது.

போன திங்கட்கிழமை காலையில் என் முன்னால் வந்து உட்கார்ந்தாள். கையில் சீப்பு.

"அம்மா, சடை பின்னி வுடு."

ஐந்தாம் வகுப்பிலிருந்து தானே பின்னிக்கொள்கிற பெண். நான் பின்னினால் கோணல் என்று சண்டை போடுகிற பெண். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கையைத் தூக்கு என்றேன். "ஒண்ணுமில்லம்மா, நேரமாவுது" என்றாள். தூக்குடி என்றேன். இடது கை மேலே போனது. வலது கை தோள் உயரத்துக்கு வந்து நின்றது. அதற்கு மேல் போகவில்லை. முகத்தில் வலி காட்டாமல் இருக்க உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

எத்தனை நாளாக என்று கேட்டேன். சீப்பை என் கையில் திணித்தாள். ஒரு வாரமாவது இருக்கும். என் கண்ணெதிரே சாப்பிட்டாள், படித்தாள், பிராக்டிஸுக்குப் போய் வந்தாள். நான் கவனிக்கவில்லை.

எதனால் வந்தது? அதைச் சொல்ல, அந்தப் பந்துகளுக்கு வரவேண்டும்.

மெடிசின் பால் என்றால் ஏதோ மருந்து சமாச்சாரம் என்று நினைத்தவள்தான் நானும். வேறொன்றுமில்லை, எடை வைத்த பந்து. இரண்டு பேர் எதிரெதிரே நின்று மார்பிலிருந்து தள்ளி எறிவார்கள். எறிந்த கையோடு ஓடிப் போய் ஒரு கூம்பைத் தொட்டுவிட்டுத் திரும்ப வேண்டும். சுவருக்குப் பக்கவாட்டில் நின்று இடுப்பைத் திருப்பி அடிப்பார்கள். தலைக்கு மேல் தூக்கித் தரையில் அறைவார்கள். கால் தொடங்கி இடுப்பு வழியாகக் கை வரைக்கும் உடம்பு ஒரே வீச்சில் வேலை செய்யப் பழகும். முதல் அடி வேகமாகும். திரும்புவது சுலபமாகும். என் மகளுக்கு எது குறையோ அதற்கேற்ற மருந்து.

அந்த மருந்து மைதானத்திலேயே இருக்கிறது. பளபளவென்று சிவப்பு, நீலம், பச்சை. இரண்டு கிலோ, மூன்று கிலோ என்று மேலேயே எழுதியிருக்கிறது. எல்லாம் பாலிதீன் கவருக்குள். கவரைப் பிரிக்கக் கூடாது என்று அதிகாரி சொல்லியிருக்கிறார். கம்பெனியின் பெரிய தலைகள் வந்து பார்வையிடப் போகிறார்கள். அவர்கள் கண்ணுக்குப் புதிதாக இருக்க வேண்டும். எப்போது வருவார்கள்? அது யாருக்கும் தெரியாது. மழைக்கு முன்னால் என்றார்கள். மழையும் வந்து போய்விட்டது.

நம் வீடுகளிலும் இந்தப் பழக்கம் உண்டுதான். டிவி ரிமோட் கவருக்குள்ளேயே கிடந்து செத்துப்போகும். சோபாவின் கவர் தொடையில் ஒட்டும், உரிக்க மாட்டோம். சரி, அது நம் சோபா. நம் தொடை. பிள்ளைகள் எறிய வேண்டிய பந்துக்கு எதற்குக் கவர்?

இங்கே எங்கள் ஆட்கள் செய்த தப்பையும் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நான் யோக்கியமில்லை.

பூட்டி வைத்ததை எதிர்த்து ஒரு அப்பா கூடச் சண்டை போடவில்லை. ஏன் தெரியுமா? அவர்களுக்கு அந்தப் பந்துகளைப் பார்த்தால் சிரிப்பு. இரண்டு கிலோவா? கத்திரிக்காய் வாங்குகிற எடை! எங்கள் தெரு ஆண்கள் எல்லாம் மூட்டை தூக்கியவர்கள், இரும்பு தூக்கியவர்கள், லோடு ஏற்றியவர்கள். முந்தின தலைமுறை அடுத்தவர் வயலில் நெல் சுமந்தது. சுமை என்றால்தான் எங்களுக்கு மரியாதை. சுலபமாக இருக்கிற எதையும் நம்ப மாட்டோம். கசந்தால்தான் மருந்து. வலித்தால்தான் வேலை. எடை ஏறினால்தான் வேகம் ஏறும் என்று ஒரு கணக்கு. அந்தக் கணக்கைப் போட்டதில் முதல் ஆள் என் வீட்டுக்காரர்.

அவர் தேர்வாய் கண்டிகையில் வார்ப்பு இரும்பு பண்ணுகிற ஒரு யூனிட்டில் இருக்கிறார். அங்கே வார்ப்பின் மேல் ஒட்டிய மண்ணை உதிர்க்கச் சின்னச் சின்ன இரும்புக் குண்டுகளை மெஷினில் வைத்து அடிப்பார்கள். தேய்ந்துபோனதைப் பெருக்கித் தள்ளிவிடுவார்கள். அதைக் கேட்டு வாங்கி வந்தார். பழைய கூடைப்பந்து ஒன்றைக் கீறி உள்ளே கொட்டினார். மீதி இடத்துக்குக் கை துடைக்கிற பனியன் வேஸ்டைத் திணித்தார். எளாவூர் செக்போஸ்ட் பக்கம் லாரி டயருக்குப் பஞ்சர் போடுகிற கடையில் கொடுத்து, கீறலுக்கு மேல் டயர் ஒட்டுப் போட்டு வாங்கி வந்தார். எட்டு கிலோ.

அன்றைக்கு மைதானத்தில் திருவிழா. ஒவ்வொரு அப்பாவும் வந்து தூக்கிப் பார்த்தார்கள். ஒருவர் ஒற்றைக் கையில் தூக்கிக் காட்டினார். இன்னொருவர் தோளில் வைத்துக்கொண்டு ஒரு சுற்று நடந்தார். கோச்சுக்கும் சந்தோஷம். அவர் பள்ளிப்பட்டுப் பக்கத்து ஆள், முன்னாள் ஆட்டக்காரர், கம்பெனி கொடுக்கிற ஒப்பந்தச் சம்பளத்தில் இருக்கிறவர். கேட்ட பந்து கிடைக்கவில்லை, கேட்காத பந்து கிடைத்துவிட்டது. பயிற்சி தொடங்கிவிட்டது.

அந்தத் திங்கட்கிழமை ராத்திரி, மகளின் தோளில் ஐஸ் கட்டியை ஒற்றிக்கொண்டே, இந்தப் பந்தைப் பிடித்துத்தானே இப்படி ஆனது என்று நான் கேட்டபோது என் வீட்டுக்காரர் சொன்னது இதுதான்:

"இன்னா நீ, எட்டு கிலோவ புடிக்க முடியாதவ, அஞ்சு பேரு மேல வந்து வுழுந்தா இன்னா பண்ணுவா?"

கேட்டால் நியாயம் போலத்தான் இருக்கிறது, இல்லையா? எனக்கும் அன்றைக்கு அப்படித்தான் பட்டது.

பொன்னேரியில் ஒரு பிசியோதெரபி அம்மா இருக்கிறார். சின்ன கிளினிக். அங்கே அழைத்துப் போனேன்.  செலக்ஷனுக்குப் போகக் கூடாது என்று சொல்லிவிடுவார்களோ என்று பஸ்ஸில் ஜெசிக்குப் பயம். இந்தக் கை இனிமேல் மேலே போகுமா என்று எனக்குப் பயம். இரண்டு பேரும் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தோம்.

அந்த அம்மா தோளை அப்படித் திருப்பி இப்படித் திருப்பிப் பார்த்தார். தசைநார் இழுபட்டிருக்கிறது, கிழியவில்லை என்றார். எனக்கு மூச்சே அப்போதுதான் வந்தது. கொஞ்ச நாள் ஓய்வு, பிறகு மெதுவாகப் பயிற்சி, செலக்ஷனுக்குள் சரியாகிவிடும் என்றார். ஜெசியின் முகத்தில் விளக்குப் போட்டது போல ஆனது.

"ஆனா அந்த இரும்புப் பந்த இன்னொரு தடவ புடிச்சா நான் கேரண்டி இல்ல" என்றார்.

எட்டு கிலோவைப் பிடிக்க முடியாதவள் எப்படி ஆடுவாள் என்று என் வீட்டுக்காரர் கேட்டதை அவரிடம் அப்படியே கேட்டேன்.  மூலையில் கிடந்த ஒரு ரப்பர் பந்தை என் கையில் கொடுத்தார். இரண்டு கிலோ. சுவரைப் பார்த்து நில்லுங்கள், உங்களால் எவ்வளவு வேகமாக முடியுமோ அவ்வளவு வேகமாக எறியுங்கள் என்றார். நான்! புடவையைச் செருகிக்கொண்டு எறிந்தேன். டமார் என்று சுவரில் பட்டது. எறிந்த வேகத்தில் என் கால் தானாக ஒரு அடி முன்னால் போயிருந்தது. ஜெசி சிரித்துவிட்டாள்.

பிறகு பக்கத்திலிருந்த கனமான மணல் பை ஒன்றைக் கொடுத்தார். அதையும் அதே மாதிரி எறியச் சொன்னார். எறியவா முடிந்தது? தள்ளினேன். முதுகு வளைந்தது. கால் தரையில் ஒட்டிக்கொண்டது.

"பாத்தீங்களா? பந்து கைய வுட்டுப் பறக்கணும். அப்பதான் அது ஸ்பீடு டிரில். நீங்க கஷ்டப்பட்டுத் தள்ளிக்கினு இருந்தா, உடம்பு மெதுவாப் போவத்தான் கத்துக்கும்."

ஆக, என் மகள் இத்தனை வாரமாகப் படித்தது வேகத்தை அல்ல. மந்தத்தை. அதுவும் ஒழுங்காக, தினமும், வியர்வை வழிய.

இன்னொன்றும் சொன்னார். நல்ல மெடிசின் பாலில் உள்ளே இருக்கிற எடை நகராமல் இருக்கும். நீங்களே கொட்டி அடைத்தால் உள்ளே ஓடும். பிடிக்கிற நேரத்தில் எடை ஒரு பக்கமாகச் சாயும். தோள் அந்தப் பக்கம் பிய்த்துக்கொண்டு போகும். அதுதான் நடந்திருக்கிறது என்றார்.

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னேன். என் வீட்டுக்காரர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். டாக்டருங்க அப்படித்தான் சொல்லுவாங்க என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எளாவூர் ரோட்டில் லாரி ஏன் சாய்கிறது என்று கேட்டேன்.

"லோடு கட்டாம வுட்டா ஷிஃப்ட் ஆவும். திருப்பத்துல சாய்ச்சிடும். அதுக்கின்னா இப்ப?"

"உன் பந்துல லோடு கட்டுனியா?" என்றேன்.

சோற்றில் வைத்த கை அப்படியே நின்றது.  தட்டைத் தள்ளி வைத்துவிட்டு உள்ளே போனார். ஜெசி படுத்திருந்த இடத்தில் போய் உட்கார்ந்தார். அவள் தோளைத் தொடவும் அவருக்குப் பயம். போர்வையை மட்டும் சரிசெய்துவிட்டு வந்தார்.

அடுத்த நாள் ஷிஃப்ட் முடிந்ததும் நேராக மைதானத்துக்குத்தான் வந்தார். நான் முன்னாலேயே போயிருந்தேன். மைதானத்துக்குள் நுழைவதற்கு முன்பே அந்த இரும்புப் பந்தின் சத்தம் எனக்குக் கேட்டது. தொப். தொப். ஜெசியின் தோழி மோனிஷா பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் ஒரு விரலுக்கு ஏற்கெனவே பிளாஸ்திரி.

என் வீட்டுக்காரர் அந்தப் பந்தை வாங்கிக் காதருகே வைத்து ஆட்டினார். சர்ர் என்றது. எல்லாருக்கும் கேட்டது. பையிலிருந்து கத்தியை எடுத்துத் தான் போட்ட ஒட்டைத் தானே கிழித்தார். இரும்புக் குண்டுகள் தரையில் கொட்டி ஓடின. பெண்கள் எல்லாம் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்கள்.

கோச் பதறிவிட்டார். "இன்னா நைனா, இப்டி பண்ணிட்ட? நாளைக்கு நான் இன்னாத்த வெச்சிக்கினு டிரில் எடுப்பேன்?"

அலமாரியைத் திறங்கள் என்றேன். சாவி தன்னிடம் இல்லை என்றார். இருக்கிறவரிடம் கேளுங்கள் என்றேன். கவர் கிழிந்தால் நான் பதில் சொல்ல வேண்டும், என் வேலை போய்விடும், பேஜாரு வேண்டாம்மா என்றார். பாவமாகத்தான் இருந்தது. அதற்காக விடவா முடியும்? நான் நகரவில்லை. கடைசியில் போன் போட்டார். நாங்கள் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார்.

இங்கேதான் நீங்கள் வருகிறீர்கள், சார். உங்கள் குரலை நான், என் வீட்டுக்காரர், மோனிஷா, மற்றப் பெண்கள், எல்லாரும் கேட்டோம். நாங்கள் கேட்டுக்கொண்டிருப்பது உங்களுக்குத் தெரியாது.

"விசிட் முடியட்டும்பா. இவ்ளோ நாள் எத வெச்சுப் பண்ணாங்களோ அதையே பண்ணட்டும். டிரில் பண்ண மாட்டேன்றவங்கள டீம்ல சேக்காத. வேற புள்ளைங்களா இல்ல?"

இதுதான் நீங்கள் சொன்னது. ஒரு வார்த்தை கூட நான் சேர்க்கவில்லை.

கோச் போனை அணைத்துவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். தரையில் இரும்புக் குண்டுகள் கிடந்தன. பெண்கள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தார்கள். வேறு பிள்ளைகள் இல்லையா என்ற கேள்வி அவர்களுக்கும் சேர்த்துத்தானே?

சரி, இத்தோடு அந்த இரும்புப் பந்து ஒழிந்தது என்று நினைத்தேன். இரண்டே நாள். வேறொரு அப்பா இன்னொன்று செய்து கொண்டுவந்துவிட்டார். தன் பெண்ணுக்கு டிரில் நின்று போகக் கூடாதாம். அவரை நான் குறை சொல்ல முடியுமா? அதிகாரி சொன்னதுதான் ஊர் முழுக்கத் தெரியுமே, டிரில் இல்லையென்றால் டீமில் இல்லை. இது பத்து கிலோவாம். பழையதைவிட நல்லது என்று பெருமை வேறு. பனியன் வேஸ்ட் போய்த் தேங்காய் நார் வந்திருக்கிறது. லோடு அதே மாதிரிதான் ஓடுகிறது.

இதனால்தான் சாயங்காலம் ஆனால் எனக்குக் கை வேலை ஓடுவதில்லை. என் மகள் வீட்டில் ஓய்வில் இருக்கிறாள். நான் காய் நறுக்கிக்கொண்டிருப்பேன். மோனிஷா இந்நேரம் பிடித்துக்கொண்டிருப்பாளே என்று தோன்றும். கத்தி நின்றுவிடும். அந்தப் பெண்ணின் அம்மாவிடம் போய்ச் சொன்னேன். அவர் ஷூ கம்பெனியில் வேலை, அப்போதுதான் பஸ்ஸிலிருந்து இறங்கியிருந்தார். "எனக்கும் பயமாத்தான்கா இருக்குது. நிறுத்திட்டா டீம்ல எடுக்க மாட்டாங்களே" என்றார். நான் திரும்பி வந்துவிட்டேன்.

என் வீட்டிலேயே அந்தச் சண்டைதான் நடக்கிறது. இதை எழுதப் போகிறேன் என்று தெரிந்ததும் ஜெசி அழுதாள்.

"எழுதாதம்மா. எழுதினா என்ன எடுக்கவே மாட்டாங்க. கை சரியாயிடுச்சுன்னு சொல்லிட்டுப் போயி நின்னுக்குறேன். கொஞ்ச நாளுதான. பல்லக் கடிச்சிக்கினு புடிச்சிர்றேன்."

பதினாறு வயதுப் பெண் கணக்குப் போடுகிறாள் பாருங்கள். தோளைக் கொடுத்து இடத்தை வாங்கிக்கொள்கிறாளாம். தோள் போனால் அந்த இடத்தில் யார் ஆடுவது? கேட்டேன். தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். 

அவள் சொல்வது நடக்கலாம். நான் எழுதியதற்காக அவளை எடுக்காமலே விடலாம். எழுதாமல் விட்டால் அவள் அந்தப் பத்து கிலோவின் முன்னால் போய் நிற்பாள். இரண்டில் எது மோசம்? ராத்திரி தூக்கம் இல்லாமல் யோசித்துப் பார்த்தேன். போன இடத்துக்கு அடுத்த வருஷம் திரும்ப முயற்சி பண்ணலாம். போன தோளுக்கு அது முடியாது. அதனால் எழுதிவிட்டேன். என் மகள் இன்னும் மன்னிக்கவில்லை.

சார், உங்கள் அலமாரியில் இருப்பது சரியான பந்து. எங்கள் பிள்ளைகளுக்குச் சரியான எடை. அதைப் பார்த்துச் சிரித்த அப்பாக்களுக்கு நான் சொல்லிக்கொள்கிறேன். பாதி பேர் இப்போதே சிரிப்பதை நிறுத்திவிட்டார்கள், என் வீட்டுக்காரர் உட்பட. ஆனால் டீம் என்ற பயத்தை அவர்கள் மேல் வைத்தது நீங்கள். அதை எடுக்கவும் உங்களால்தான் முடியும்.

போனில் கோச்சிடம் ரகசியமாகச் சொல்லி அனுப்ப வேண்டாம். வருத்தம் தெரிவித்து ஆள் அனுப்ப வேண்டாம். இந்த வாரமே ஒரு சாயங்காலம் மைதானத்துக்கு நீங்களே வாருங்கள். பெண்கள் இருக்கட்டும், அம்மாக்கள் இருக்கட்டும், அப்பாக்களும் இருக்கட்டும். எல்லார் காதிலும் விழுகிற மாதிரி இந்த ஒன்றுக்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

இரும்புப் பந்தைப் பிடிக்க நான் விடாத ஜெசிந்தாவுக்கு டீமில் இடம் உண்டா, இல்லையா?